இரண்டு நாளைக்கு மட்டும் ஒரு துப்பாக்கி

வெள்ளிக்கிழமை காலை,
மைல்ஸ் சிட்டியைத் தாண்டி, நெடுஞ்சாலையில்.

அன்புள்ள ஆர்லன் அண்ணாவுக்கு,

உன் தங்கை மார்லிஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. நடுவில் வருவதெல்லாம் என் வழக்கமான வம்பளப்பு. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் என்னைத் திட்டாதே, டேலைத் திட்டு. உன் மச்சான் வண்டி ஓட்டுகிறார், நான் மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். சாலையில் ஒரு பள்ளத்தையும் அவர் விட்டு வைப்பதில்லை. எங்கே போகிறோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெரிய செய்தி. போன சனிக்கிழமை நான் துப்பாக்கி வாங்கப் போனேன். சிரிக்காதே. பன்னிரண்டு வயதில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு அப்பாவின் ரிவால்வரைச் சுட்டு, ஓல்சன் வீட்டு மழைநீர்க் குழாயில் ஓட்டை போட்டவள் நான். அன்றைக்கு ஷெரீஃபுக்குத் துணை என்று கேலியாக நீ வைத்த 'டெபுடி' என்ற பட்டப்பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. இந்த ஐம்பத்து நான்கு வயதில், கண்ணாடி இல்லாமல் மாவு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத காலத்தில், எதற்கு இந்த வேலை என்று கேட்பாய்.

காரணம் நீதான். ஏப்ரலில் ட்ரூடி அண்ணி இறந்துபோனதிலிருந்து நீ போனில் 'ம்', 'சரி', 'பாக்கலாம்' தவிர எதுவும் பேசுவதில்லை. ஏழு நிமிடம் நான் பேசினால் நீ மூன்று சொல் பேசுகிறாய். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். உங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் அக்டோபரில் இரண்டு நாள் சுடும் போட்டி வருமே, அதற்கு முன்னறிவிப்பு இல்லாமல் கைத்துப்பாக்கியோடு உன் வாசலில் வந்து நிற்பது. ஒருத்தி துப்பாக்கியைத் தப்பாகப் பிடித்திருப்பதைப் பார்த்தால் உனக்குப் பொறுக்காது. கத்துவாய், கத்தினால் பேசியாக வேண்டும். இதுதான் என் ராஜதந்திரம். டேலிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுச் சுவருக்கு ஆபத்து என்று தடுத்திருப்பார்.

வண்டி நம்பர் பலகை கொடுக்கும் ஜன்னலில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மைல்ஸ் சிட்டியில் யார் என்ன வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இருக்காது. துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் வாண்டா அக்காவையும் தெரியும். அறுபத்தைந்து வயது, மூன்று கணவர்களைப் பார்த்தவள். எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள், வரி அதிகாரியைக்கூட. சனிக்கிழமை கடையில் வேறு யாரும் இல்லை. போய் நின்றேன்.

"என்ன கண்ணு வேணும்?" என்றாள்.

"ஒரு கைத்துப்பாக்கி, அக்கா. எதுவா இருந்தாலும் சரி. கைப்பைக்குள்ள அடங்கினாப் போதும்."

"எதுக்கு?"

"அத மட்டும் கேக்காதீங்க. வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிஞ்சா தடுத்துடுவாரு."

"தோட்டா எத்தன டப்பா?"

"டப்பா எல்லாம் எதுக்குக்கா? கொஞ்சம் போதும். ரெண்டு நாளைக்குத்தான் வேணும். அதுக்கப்புறம் எனக்கு அது தேவப்படாது."

அண்ணா, நான் அப்போது எவ்வளவு உற்சாகமாக இருந்தேன் தெரியுமா? என் இரகசியத்தை எவ்வளவு சாமர்த்தியமாகக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. வாண்டா அக்கா போய்க் கதவில் தொங்கிய பலகையைக் 'கடை மூடியிருக்கிறது' பக்கம் திருப்பினாள். ஒரு கோப்பை காபியை என் முன்னால் வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக் கைப் பொத்தான் கழன்றுவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"நேராவே கேக்குறேன் கண்ணு. உன் உசுர நீயே மாய்ச்சுக்கணும்னு நெனைக்கிறியா?"

காபி மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்படிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையையும் விடவில்லை. திட்டத்தை முழுதாக, உன் பெயர், போட்டி, மழைநீர்க் குழாய் உட்பட, சொல்லி முடித்த பிறகுதான் விட்டாள்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"மொத தடவ துப்பாக்கி வாங்க வர்றவன் கேள்வி கேட்டே என்னக் கொன்னுடுவான் கண்ணு. கனமா இருக்குமா, ஒதைக்குமா, எப்படித் தொடைக்கிறதுன்னு. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. ஒரு கேள்வி கேக்கல. கிட்ட இருந்ததக் காட்டினாரு. எனக்கும் கடையச் சாத்துற அவசரம், நல்ல யாவாரம்னு நெனச்சுக் குடுத்தேன்." சொல்லிவிட்டுக் காபியைக் கலக்கினாள். அதில் சர்க்கரையே போடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பிறகு கடையின் பின்னால் இருக்கும் சுடும் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. சுவர்க் கண்ணாடியில் பார்த்தபோது நான் தேன் எடுக்கப் போகும் கரடிபோல் இருந்தேன். நான்கு விதிகளை வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. அழிக்க மனமில்லாத எதன்மேலும் குழலைக் காட்டாதே. சுடும் நொடி வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். உனக்கு இதெல்லாம் ஞானஸ்நானத்துக்கு முன்பே தெரியும். எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு குட்டிப் பிஸ்டல். உதட்டுச்சாய டப்பா அளவுதான் இருக்கும், அவ்வளவு லட்சணம். வாண்டா அக்கா தடுக்கவில்லை, "சுட்டுப் பாரு" என்றாள். ஒரே குண்டுதான். கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஆணி அடித்தமாதிரி இருந்தது.

"சின்னதுதான் கண்ணு பெருசா ஒதைக்கும். பிடிக்க எடமில்ல, ஒதைய வாங்கிக்கக் கனமும் இல்ல. பாதிரியார் வீட்டம்மாவும் இதத்தான் ஆசப்பட்டு வாங்கிட்டுப் போனாங்க. மூணாம் நாள் திருப்பிக் கொண்டாந்தாங்க." (இது உனக்கு மட்டும். நான் சொன்னதாகத் தெரியவேண்டாம்.)

அடுத்தது ஒரு பெரிய பிஸ்டல். அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா ஏறுமாம். ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கவே டேலைக் கூப்பிடுகிறவள் நான். இழுத்தேன், அது வரவில்லை. ஆனால் எனக்கு முதுகில் ஏதோ வந்தது.

"செருப்பு வாங்குற மாதிரிதான் இது. அழகப் பாத்து வாங்கினா வீட்டுக்குப் போறதுக்குள்ள கடிக்கும்," என்று சொல்லி மூன்றாவதாக ஒன்றைக் கையில் வைத்தாள். பாயிண்ட் டூ டூ என்னும் சின்னத் தோட்டாத் துப்பாக்கி. நீளக் குழல், கொஞ்சம் கனம். என் உள்ளங்கை அதற்கென்றே வளர்ந்ததுபோல் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்துகொண்டு சுட்டேன். உதையே இல்லை, யாரோ தோளைத் தட்டியதுபோல் இருந்தது. நான்காவது குண்டில்தான் கூத்து. வெளியே தெறித்த சூடான காலித் தோட்டா உறை நேராக என் சட்டைக்குள் விழுந்து, சொல்லக்கூடாத இடத்தில் தங்கிவிட்டது. ஆனால் அண்ணா, நான் குழலைத் திருப்பவில்லை. இலக்கைப் பார்த்தபடியே விரலை எடுத்து, துப்பாக்கியை மேசையில் வைத்து, அதற்கப்புறம்தான் ஆடினேன். அந்த ஆட்டத்தை அறுவடை விழாவில் ஆடியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும்.

"நெருப்பு விழுந்தப்பவும் குழலத் திருப்பல பாரு, நீ கத்துக்குவ," என்றாள் வாண்டா அக்கா. இந்த வயதில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று. ஐந்தாவதையும் சுட்டு முடித்தேன். ஐந்து ஓட்டையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த இலக்கு அட்டையை இதோடு இணைத்திருக்கிறேன்.

வெற்றிக் களிப்பில் திரும்ப வந்து காபி குடித்தோம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? சொல்லிக்கொண்டே போனேன். "எங்கண்ணன் நாப்பது வருஷமா மான்வேட்டைக்குப் போகாம இருந்ததில்ல. இந்த வருஷம் வேட்டை அனுமதிச் சீட்டே வாங்கல, சோம்பேறி." சிரித்தேன். "மேயர் மேயர்னு நாய மடியில வச்சுக் கொஞ்சினவரு, அதத் தூக்கிப் பக்கத்து வீட்டு கஸ் கிட்டக் குடுத்துட்டாரு." சிரித்தேன். "போன வாரம் பாருங்க, எங்கம்மா லெஃப்ஸே ரொட்டி திருப்புற குச்சிய நல்லாச் சுத்திக் கட்டித் தபால்ல அனுப்பியிருக்காரு. முப்பது வருஷமா கேட்டு, 'நான் செத்தாத்தான் ஒனக்கு'ன்னு சொன்ன..."

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, அண்ணா.

வாண்டா அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்ததை என் காதே அப்போதுதான் கேட்டது. குச்சி வந்த அன்றைக்கு 'கடைசியில் ஜெயித்துவிட்டேன்' என்று அலுவலகம் முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

"வீட்ல எத்தன துப்பாக்கி வச்சிருக்காரு?" என்று கேட்டாள். அப்பாவுடைய ரிவால்வரோடு சேர்த்து ஆறு என்றேன்.

"அவர்கிட்டக் கேளு. நான் ஒங்கிட்டக் கேட்ட மாதிரியே, நேரா. கேக்குறதால யாருக்கும் புதுசா அந்த நெனப்பு வந்துடாது கண்ணு. நானும் அன்னைக்குக் கேட்டிருக்கலாம்."

எனக்குத் துப்பாக்கி விற்க மறுத்துவிட்டாள். "யாரோட சேந்து சுடப்போறியோ அவரு வந்து உன் கையப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அந்தப் பாயிண்ட் டூ டூ இங்கயே இருக்கும்" என்றாள்.

அன்று முதல் தினமும் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய், 'ம்' என்றாய், வைத்தாய். சின்னதுதான் பெரிதாக உதைக்கிறது என்பது எவ்வளவு சரி. கேட்கவேண்டியதை ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். நான் மழையைப் பற்றிப் பேசினேன். நேற்று கஸ் போன் செய்தார். "மார்லிஸ், உங்கண்ணன் சங்கத்துச் சாவியத் திருப்பிக் குடுத்துட்டான். நீ வர்றது நல்லது. அதுவரைக்கும் நான் சீட்டாடுற சாக்குல அங்கயே உக்காந்திருக்கேன்," என்றார். இரண்டு நாளாக அவர் உன்னிடம் தோற்றுக்கொண்டிருப்பது அதனால்தான். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

டேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு அவரைத் தெரியும், வாய் திறக்கமாட்டார். எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். தூண்டில், நூல் சுற்றும் சக்கரம், பத்து வருடமாகக் கொஞ்சிச் சேர்த்த மீன்பிடிச் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டார். ஆறு துப்பாக்கிக்கு இடம் சரியாக இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்தார். பிறகு வண்டிக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

ஆகவே, எங்கே போகிறோம் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்து நானே உன் கையில் கொடுப்பேன், நீ படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். வாயால் சொல்ல நம் குடும்பத்தில் யாருக்கும் வராது. அப்பா அம்மாவிடம் கல்யாணத்துக்குக் கேட்டதே ஒரு சீட்டில் எழுதித்தானாம்.

ஆறையும் டேலிடம் கொடு. பறிப்பதல்ல, எங்கள் அலமாரியில் வைத்திருப்பது. உன் கால் உடைந்தால் உன் மாடுகளைக் கஸ் பார்த்துக்கொள்ள மாட்டாரா? அதுபோலத்தான். நீ நன்றாக ஆனதும் ஒன்று குறையாமல், எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்ப வந்துவிடும். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம், நானும் கூட வருவேன். அதுவரை உன் சோபாவில்தான் படுக்கை. என் குறட்டை உனக்குத் தெரியும், அது உன் தலையெழுத்து. குச்சியையும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். நீ முதலில் சொன்னது சொன்னதுதான், எனக்கு அது இப்போது வேண்டாம். இன்னும் இருபது முப்பது வருடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இரு.

அப்புறம், என்னோடு மைல்ஸ் சிட்டிக்கு வந்து என் கைக்கு எது சரி என்று நீதான் பார்த்துச் சொல்லவேண்டும். நான் கேள்வி கேட்டே உன்னைக் களைப்படைய வைப்பேன். கனமா இருக்குமா, உதைக்குமா, எப்படித் துடைப்பது. எல்லாவற்றுக்கும் நீ பதில் சொல்லவேண்டும்.

அதற்கு முன்னால் நான் ஒன்றே ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. வாண்டா அக்கா என்னிடம் கேட்டது. அதை எழுதாமல் விட்டுவிட்டேன், வாயால்தான் கேட்பேன். ஆம் என்றால் ஆம் என்று சொல். நான் சிரிக்கமாட்டேன், அழுதாலும் எழுந்து போகமாட்டேன். நெருப்பு விழுந்தாலும் குழலைத் திருப்பாதவள் உன் தங்கை, சாட்சி அட்டை இதோ இருக்கிறது.

கஸ் வீட்டில் நிறுத்தி மேயரையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறோம். இந்த வரியை நீ படிக்கும்போது அது உன் செருப்பை மோந்துகொண்டிருக்கும். காகிதத்தை மடித்து வை அண்ணா. நிமிர்ந்து என்னைப் பார்.

உன் எதிர் நாற்காலியில் இருக்கும்,
டெபுடி.