காஜாவும் கலப்பையும்

படை முகாம்,
பிப்ரவரி 9

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் நலம். என் நிலத்தில் ஏர் பிடிக்க நீங்கள் வந்திருப்பதாக உங்கள் தங்கை எழுதியிருந்தாள். திரும்பத் திரும்பப் படித்தும் நம்ப முடியவில்லை. எங்கள் கல்யாணத்தன்று, "எங்கிருந்தோ வந்தவன். இங்க யாரைத் தெரியும் இவனுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனவர் நீங்கள். பிள்ளைத்தாய்ச்சியை உழவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்பீர்கள். இருக்கட்டும். தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தீர்களே, அதற்கு நன்றி.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பட்டாளத்தில் சேர்ந்தபோது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கே தங்கினாய் என்று கேட்டார்கள். உங்கள் கடை மாடியைச் சொன்னேன். தையல் கடை என்றதும் என்னைத் தையல்காரன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் இந்த நாட்டுக்காரன்தான் என்று துப்பாக்கி பிடித்து உங்களுக்குக் காட்ட வந்தவன், பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தால் நூல் பிரிகிறது. வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 23

பட்டாளத்தாருக்கு,

கடிதம் கண்டேன். சிரித்ததில் புரையேறிவிட்டது. துளையை வெட்டும் முன் சுற்றிலும் ஓட்டுத்தையல் போடு. அவசரப்பட்டால் பிரியத்தான் செய்யும்.

என் கதை அதைவிட மோசம். கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக உழுதேன். அடிக்கோல் வைத்து வரைந்த மாதிரி அழகாக இருந்தது. ஒரே மழை. விதை மொத்தமும் பக்கத்துப் பால்காரர் நிலத்துக்குப் போய்விட்டது. "உங்க தயவுல எனக்கு விதைப்பு வேலை மிச்சம்" என்கிறார். உன் மாடு வேறு என்னைக் கண்டாலே படுத்துக்கொள்கிறது. பருவம் தவறுவதற்குள் பதில் எழுது.

தங்கை நலம். நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை நன்றாகத் திட்டுகிறாள்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்


மார்ச் 8

ஐயாவுக்கு,

சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். துணிக்கு இழை பார்ப்பது போல நிலத்துக்கு நீரோட்டம் பார்க்க வேண்டும். கொட்டகைப் பரணில் இன்னொரு மூட்டை விதைச்சோளம் இருக்கிறது. மாட்டிடம் கத்தாதீர்கள், பேசிக்கொண்டே நடங்கள். எதைப் பேசினாலும் சரி. நான் உங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டு போவேன்.

காஜா தேறிவிட்டது. இப்போது போர்முனையிலிருந்து வரும் கோட்டுகளுக்கு ஒட்டுப்போடுகிறேன். சிலவற்றில் ஓட்டை நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. போட்டிருந்தவன் என்ன ஆனான் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தைத்து முடித்ததும் அது அடுத்தவனுக்குப் போகிறது. அவன் குளிரில் நிற்கிறான், நான் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. என்னையும் முன்னால் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 19

தம்பிக்கு,

எழுதிக் கொடுக்காதே. கொடுத்தால் உன் மாட்டை விற்றுவிடுவேன். இப்போதுதான் அது என் பேச்சைக் கேட்கிறது. நானும் உன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டு போகிறேன்.

குளிரில் நிற்பவனுக்கு ஓட்டைக் கோட்டைக் கொடுத்தால் அவன் எப்படி நிற்பான்? உன்னை விட்டால் அதை யார் தைப்பார்? எனக்குக் காட்டுவதற்காக நீ குண்டடி பட வேண்டுமா? இது என்ன நியாயம்? நீ எனக்கு எதையும் காட்ட வேண்டாம். உயிரோடு வந்து சேர்.

உன் ரகசியத்தை நான் காப்பாற்றவில்லை. தங்கையிடம் சொல்லிவிட்டேன். "ஊசிதானே? குத்தினா விரல்தானே போகும்" என்றாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

குறுக்கே உழுதேன். முளை வந்துவிட்டது.

உன் மேல் அக்கறையுள்ள,
தையல்காரன்


ஜூன் 30

ஐயாவுக்கு,

எழுதிக் கொடுக்கவில்லை. மகள் பிறந்த செய்தி கிடைத்த அன்று முகாமில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். கோட்டுத் துணி மிச்சத்தில் அவளுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். குறை இருந்தால் பிரித்துத் தைத்துவிடுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்


ஜூலை 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சட்டை வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளும் புறமும் பார்த்தேன். ஒரு கை கொஞ்சம் நீளம். காஜாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதையும் பிரிக்கவில்லை. என் மருமகள் அதைத்தான் போட்டுக்கொண்டு என் மடியில் படுத்திருக்கிறாள். உன் மூக்கு. பரவாயில்லை, பழகிவிடும்.

அறுவடை முடிந்தது. பால்காரர் பக்கம் போன நம் சோளமும் அமோக விளைச்சல். பாதி மூட்டைகளை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சந்தையில் தானிய வியாபாரி கேட்டார்: "யார் நிலம் இது?"

"எங்க மாப்பிள்ளையோடது. பட்டாளத்துல இருக்கார்."

"அப்படியா! அங்க என்ன பண்றார்?"

துப்பாக்கி, பீரங்கி என்று அளந்துவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

"தைக்கிறார்," என்றேன். "எங்க வீட்டுத் தொழில்."

சீக்கிரம் வா. கடைச் சாவி உனக்காக இருக்கிறது. ஆனால் வந்ததும் ஏரைக் கேட்காதே. காலையில் நான் பிடிப்பேன், மாலையில் நீ பிடி.

உன் மச்சான்