பாலத்தில் நின்ற பகல்

வெள்ளம் வடிந்து நானும் உன் அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டோம். வாவிச் சேற்றின் வாடை உன் தலையணை வரைக்கும் ஏறியிருக்கிறது. வெயிலில் காயப்போடும்போது அதை மூக்கருகே கொண்டுபோனேன். சேறு மட்டும்தான் மணத்தது. அழுகை வரவில்லை. சித்திரையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. இப்போது வெட்கம் மட்டும் வந்திருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

போன மாரியில் நாம் கல்லடிப் பாலத்தில் நின்றோம். பாதி ஊர் வெள்ளம் பார்க்க வந்திருந்தது. தூணில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நீ கச்சான் கடலை சுற்றிய சரையை என் கையில் திணித்தாய்.

"வெள்ளம் பாக்க வாற ஆக்கள்ட வீட்டுக்க ஒருநாளும் வெள்ளம் வராது. வாற வீட்டு ஆக்கள் இப்ப அரிசிப் பானைய தூக்கிட்டு நிப்பாங்க. வாங்க போவம் எஞ்சினியர், அம்மா தனிய."

நான் எஞ்சினியர் இல்லை, நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தன் என்று எத்தனை தரம் சொன்னாலும் நீ கேட்டதில்லை.

ஆரையம்பதியில் வாவியோரம் இருக்கும் இந்த வீடு உன் சீதனம். கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நான் இங்கு வந்தவன். உன் அம்மாவான மாமி என்னோடு நேரே பேசியதில்லை. "அவருக்குச் சோறு போடு புள்ள" என்று உன்னிடம் சொல்வார். "போதும்" என்று நானும் உன்னிடம்தான் சொல்வேன். நீ போன பிறகு நடுவில் ஆளில்லை. கதவு நிலையைப் பார்த்து, "சோறு மூடிக் கிடக்கு" என்பார். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்து "ம்" என்பேன். பெண்சாதி இல்லாத வீட்டில் எனக்கென்ன உரிமை? டவுனில் என் அம்மா வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த முறை, மேலே குளங்களின் வான்கதவுகள் திறந்தது எனக்குத் தெரியும். பின்னேரத்துக்குள் வாவி ஏறும் என்பதும் தெரியும். தண்ணீர் அளக்கும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

"சேர், முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்றார் ஒருவர். அங்கே மணல்திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும்.

"வெட்டுறாங்க. எண்டாலும் ஏறும். கரையில உங்கட ஆக்கள் இருந்தா இப்பவே எழுப்புங்க."

அவர் உடனே போனை எடுத்தார். பிறகு இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின்னால் மூன்று பேர். யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு, கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. அது நன்றாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். மாமிக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். நேரே பேசிப் பழக்கமில்லை என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் உன் அண்ணன்தான், உன் பெரியம்மாவின் மகன், எனக்கு அழைப்பு எடுத்தான்.

"மச்சான், எங்க நிக்கீங்க?"

"பாலத்தில."

"பாலத்தில நிண்டு புதினம் பாக்கீங்களாக்கும். இஞ்ச முழங்காலுக்கு வந்திட்டு. சின்னம்மா தோணியில ஏறமாட்டாவாம். இந்தா, பக்கத்திலதான் நிக்கிறா. நான் மத்த ஆக்கள விட்டுட்டு வாறன், அதுக்குள்ள வந்து சேருங்க."

நான் தெருமுனையில் இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. மாமி விறாந்தையில் கதிரை மேல் நின்றார், கையில் வீட்டுப் பூட்டும் திறப்பும்.

"ஏன் மாமி போகல்ல?"

முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க வந்து பூட்டின வீட்டப் பாத்தா, எனக்கு இனி இஞ்ச இடமில்ல எண்டு நினைப்பீங்க மனே. அதான் நிண்டன்."

முதுகைக் காட்டிக் குனிந்தேன். "சீ, மருமகன்ட முதுகிலயா" என்று கூசினார். கதிரையில் நின்ற காலைத் தண்ணீர் தொட்டதும் ஏறிக்கொண்டார். உன் அண்ணனின் தோணி வந்து சேரும்வரை அவரைச் சுமந்தபடி நின்றேன்.

பாடசாலை மண்டபத்தில் பெண்கள் மாமியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இவ்வளவு நேரமும் மருமகன் எங்ககா போனவர்?"

"அவருக்குக் கந்தோரில தலைக்கு மேல வேலை. அத விட்டுட்டு ஓடி வந்து என்னத் தூக்கிட்டு வந்தவர். பெத்த புள்ளயும் இப்பிடிச் செய்யாது."

உன் அண்ணன் என்னைப் பார்த்தான். தேத்தண்ணியை நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன்.

இப்போது மாமி என்னோடு நேரே பேசுகிறார். டவுனுக்குப் போகும் கதையை நான் எடுக்கவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார்கள். கண்டவர்களிடமெல்லாம் உங்கள் ஆட்களை எழுப்புங்கள் என்று சொன்னவன், தன் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த நேரம் நான் பாலத்தில் நின்றது இந்த ஊரில் எனக்கும் உன் அண்ணனுக்கும்தான் தெரியும் என்று முதலில் நினைத்திருந்தேன். ஆனால் அவன் என்னோடு போனில் பேசியபோது மாமி பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுத்தான் கதிரையில் ஏறி எனக்காக நின்றார்; கேட்டுவிட்டுத்தான் மண்டபத்தில் அப்படிச் சொன்னார்.

அவர் தந்த அந்த நல்ல பெயரோடுதான் ஒவ்வொரு வேளையும் அவர் கையால் சோறு வாங்கித் தின்கிறேன்.