கடலை, கடப்பாரை, அப்புறம் உன் பெயர்

உ

இலத்தூர்
ஆவணி மாதம், திங்கட்கிழமை

மகன் சிரஞ்சீவி கடற்கரைக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சந்தனமாரியும் சுகமாக இருக்கிறோம், ரெங்கோனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்து நன்றாக இருப்பாய் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்குப் புத்தி தப்பிவிட்டது என்று சித்தப்பா எழுதியதைப் படித்துவிட்டு, மில் வேலையை விட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வேலையை விடாதே. அப்பாவுக்குப் புத்தி தப்பவில்லை, பேச்சும் திரும்பி வருகிறது. அது எப்படி வந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன், பதறாமல் படி.

சித்திரையில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததையும் வாய் அடைத்துப் போனதையும் முன்னமே எழுதியிருந்தேன். கால் சீக்கிரமே கொஞ்சம் தேறியது, பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் விளங்கும், பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் கிடைக்காமல் கண் கலங்கிவிடும். அச்சன்புதூர் வைத்தியர் கிதிர் முகம்மது சாரல் மாதங்களில் குற்றாலத்தில்தான் இருப்பவர், அங்கேயே கொண்டுவந்து வைத்திருங்கள், தைலம் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் அருவித் தண்ணீர் தலையில் விழவே கூடாது என்றார். ஆனி பிறந்ததும் வண்டி கட்டிப் போய், கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்தோம். மற்றப் பாதியில் கடையத்துப் பார்வதியம்மாளும் அவள் பெண்களும் இருந்தார்கள், நல்ல கலகலப்பான சனங்கள்.

ஒருநாள் விடாத மழை, யாரும் வெளியே போக முடியவில்லை. அந்தப் பெண்கள் சந்தனமாரியையும் இழுத்துவைத்துக்கொண்டு எழுத்து விளையாட்டு விளையாடினார்கள். ஒரு கட்சி முதல் இரண்டு எழுத்தைச் சொல்லும், அதில் தொடங்கும் சொற்களை இரண்டு கட்சியும் மாறி மாறிச் சொல்ல வேண்டும், சொல் கிடைக்காமல் நின்றால் தோல்வி. ‘குர’ என்று போட்டார்கள். ஒருத்தி குரல் என்றாள், ஒருத்தி குரவை என்றாள், அதற்குமேல் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் குடும்பத்தோடு உட்கார்ந்து நனைகிறதுகள், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை! அப்போது உள்ளே கட்டிலிலிருந்து ‘குரங்கு’ என்று ஒரு சத்தம். யாரோ ஆண்பிள்ளை வந்துவிட்டான் என்றுதான் முதலில் திரும்பினேன். உன் அப்பாதான். அவருக்கே நம்ப முடியாமல் இடது கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதியம்மாள், “அண்ணாச்சி ஜெயிச்சுட்டாகளே” என்று சத்தம் போட்டாள்.

அப்புறம் நான் என்ன கேட்டும் ஒரு சொல் வரவில்லை. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. உன் பெஞ்சாதி சந்தனமாரிக்குத்தான் சூட்சுமம் பிடிபட்டது. அவள் என் காதில், “அத்தை, மாமாவுக்குச் சொல்லு உள்ள இருக்கு, தலைப்பு மட்டும் கிடைக்க மாட்டேங்குது. தலைப்ப நாம எடுத்துக் குடுப்போம்” என்றாள். மாமனார் முன்னால் வாய் திறக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அந்த வழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வை, நீ பேசு என்று நானே சொன்னேன். மறுநாளிலிருந்து கஞ்சி கொடுக்கும்போதும் தைலம் தேய்க்கும்போதும் விளையாட்டுதான். ‘தண்’ என்பாள், தண்டு என்பாள், தண்டவாளம் என்பாள், பிறகு பேசாமல் அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் முக்கி முனகித் தண்டட்டி என்பார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்க வந்த மனிதர் காதில் போடுகிற தண்டட்டியைக் கேட்கிறாரே என்று நாங்கள் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரிப்பார். இரண்டாம் தடவை தண்ணீர் சரியாக வந்துவிடும்.

ஆடியில் ஒரு காலை, அப்பா நெஞ்சைத் தட்டிக்கொண்டு ‘க, க’ என்று என்னிடம் எதையோ கேட்டார். கஞ்சியா, கம்பளியா, கைத்தடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, கோபத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார். சந்தனமாரிக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்? எனக்கும் அப்போதுதான் புரிந்து நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, “மாமா, ‘கட’ போடுதேன்” என்றாள். கடல் என்றாள், அவரும் கடல் என்றார். கடலை. கடம்பு. கடப்பாரை. கடன். ஒவ்வொன்றாக அவரும் பின்னாலேயே சொல்லிவந்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கடற்கரை. எம்புள்ள கடற்கரை எங்கன?” என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ரெங்கோனில் சௌக்கியமாக இருக்கிறான் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் உன் பெயரை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆவணி பிறந்ததும் ஊர் திரும்பினோம். உன் சித்தப்பா சங்கரபாண்டி மறுநாளே வந்தார். அவரும் கெட்டவர் இல்லை, சித்திரையில் அண்ணனைப் பார்த்த கோலத்திலேயே பயந்துபோய்த்தான் உனக்கு எழுதியிருக்கிறார். ஆனால் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, இல்லாத மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் என்னிடம், “மதினி, அண்ணாச்சிக்குப் புத்தி தப்பிட்டு. பிசான நெல்லுக்கு வயல நானே பாத்துக்கிடுதேன்” என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாய் திறந்தார், வரவில்லை. உள்ளேயிருந்து சந்தனமாரி மெல்ல ‘புத்’ என்றாள். அப்பா பிடித்துக்கொண்டார். “புத்தி… புத்தி எங்கயும் போகலெ. சொல்லுதான் போச்சு. அதுவும் வருது. ஏலே சங்கரபாண்டி, எம்மூஞ்சியப் பாத்துப் பேசு” என்றார். சித்தப்பா அப்படியே அண்ணன் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். பிசானத்துக்கு நாற்றுப் பாவ எந்த விதை என்று இருவரும் பொழுது சாய்கிறவரை பேசினார்கள். அப்பா பாதி சொல்லுவார், மீதியைச் சித்தப்பா தப்பாகச் சொல்லி வசவு வாங்குவார்.

ஆகையால் நீ பதற வேண்டாம். இன்னும் வலக்கை எழவில்லை, சில நாள் உப்பைக் கேட்க உலக்கையைக் கேட்கிறார், அதெல்லாம் சரியாகும். ஒப்புக்கொண்ட கெடு முடியும்வரை வேலை பார்த்துவிட்டு, தை மாதம் முறையாக லீவு வாங்கிக்கொண்டு வா. மழையில் நனைந்து அலையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. நம் குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் உனக்குத் துணையிருந்து ஒரு குறையும் வராமல் காப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் ‘வீட்டில் அவளுக்கும் தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி எழுதுகிறாயே, அது இனிமேல் போதாது. சந்தனமாரிக்குத் தனியாக ஒரு கவர் போடு. மேல்விலாசத்தில் அவள் பெயரையே எழுது. தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிட வேண்டும், நான் உள்ளே இருந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நல்வாழ்வையே நினைத்திருக்கும் அம்மா
ஆவுடைத்தாய்