ரவாவுக்கு ஒரு துணை

வில்லாபுரம்,
9.6.2024

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

அண்ணன் நாகசுப்பிரமணியன் எழுதுவது. நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தி, ஒன்பது வருடம் கழித்து இந்த வரியை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தேஜஸ்வினிக்கு இப்போது பதினொரு வயது. இரண்டு முயல் வளர்த்தாள். சேமியா என்ற ஆண் முயல் போன மாதம் செத்துவிட்டது. ரவா என்ற பெண் முயல் அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தடவை எதுவும் தின்னாமல் கிடந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "உடம்புக்கு ஒண்ணுமில்ல சார், அதால தனியா இருக்க முடியல. ஒரு துணை பாருங்க" என்றார். கடையில் ஒன்று வாங்கிவந்து நேராக அதே கூண்டில் விட்டேன். ஐந்தே நிமிடம், கூண்டெல்லாம் ரோமமும் ரத்தமும். அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். தேஜு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டரின் உதவியாளர் ஒரு வழி சொன்னார்: "செக்கானூரணிப் பக்கம் மொக்கைச்சாமினு ஒருத்தர் முயல் வளக்குறாரு. ஜோடி சேத்து விடுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல சார்." நம்பரும் கொடுத்தார். பெயரைக் கேட்டதுமே அது உன் வீட்டுக்காரர்தான் என்று தெரிந்துவிட்டது. மூன்று முறை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். அதனால்தான் கடிதம். நம் வீட்டுப் பாஷையில் எழுத இருவருக்கும் எழுத்துத் தெரியாது. தமிழிலேயே எழுதுகிறேன்.

என்ன செய்யலாம் என்று சொல்.

இப்படிக்கு,
நாகசுப்பிரமணியன்

* * *

செக்கானூரணி,
13.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, வாசலிலேயே உட்கார்ந்து பிரித்தேன். முயல் விஷயம் என்று தெரிந்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எனக்கு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பெயரைக் கேட்டும் முகம் மாறவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "இப்ப தின்னுதாமா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரவா ஒரு வேளை தின்னாமல் போனாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். பெண் முயல் தன் இடத்துக்குள் இன்னொன்றைச் சேர்க்காது. அது பொல்லாத்தனம் இல்லை, இயல்பு. இரண்டும் முதலில் தனித்தனிக் கூண்டில், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதன் துணியை அதற்கும், அதன் துணியை இதற்கும் மாற்றிப் போட வேண்டும். பிறகு இரண்டுக்குமே புதிதான இடத்தில் கொஞ்ச கொஞ்ச நேரம் விட வேண்டும். எங்களிடம் மொட்டைக்காது என்று ஓர் ஆண் இருக்கிறது. குட்டி போடவைக்காதபடி டாக்டர் அறுவை செய்து இரண்டு மாதம் ஆயிற்று. நல்ல சாது. நாங்கள் கறிக்கும் முயல் கொடுப்பவர்கள்தான் அண்ணா, மறைக்கவில்லை. ஆனால் அதை மட்டும் அவர் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

நீங்கள் இங்கே வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். "அவரு வர வேணாம். நான் கொண்டுட்டுப் போறேன்" என்கிறார். ரவா ஏறிப் பார்க்காத மாடி உண்டா? கதவைத் திறப்பீர்களா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்வர்ணா

* * *

வில்லாபுரம்,
17.6.2024

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

மாடி இருக்கிறது. ரவா அங்கே போனதில்லை. ஞாயிறு காலை வரச் சொல். கதவு திறந்திருக்கும்.

பையன்களின் பெயர் என்ன?

அண்ணன்

* * *

செக்கானூரணி,
20.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரியவன் கவின்பாண்டி, வாயாடி. சின்னவனுக்கு நம் அப்பா பெயர்தான். என் வீட்டுக்காரர்தான் வைக்கச் சொன்னார்.

நேற்று மொட்டைக்காதுக்கு நகம் வெட்டினார். சாயங்காலம் போய்த் தானும் முடி வெட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கிளம்பியதில்லை. உங்களிடமிருந்து ஒரு சொல் தடித்து வந்தாலும் அவர் எனக்குச் சொல்ல மாட்டார் அண்ணா. அதனால்தான் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

ஸ்வர்ணா

* * *

வில்லாபுரம்,
14.7.2024

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

ஒரு ஞாயிறு வந்து முயலைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். முதல் வாரம் இரண்டு தடவை வந்து கூண்டுகளை வைத்து, துணி மாற்றக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் விடாமல் வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்கெல்லாம் நிற்பார். வெளிப்படிக்கட்டில் ஏறி நேரே மாடிக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். உன் அண்ணி நாகமணி எத்தனை கூப்பிட்டும் காபியை மாடியில்தான் குடித்தார்.

நான்காம் நாள் ரவா பாய்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே அவர் கையை விட்டார். உள்ளங்கையில் பல் ஆழமாக இறங்கியது. நான் அலறினேன், அவர் அலறவில்லை. "பயந்துபோச்சு, அம்புட்டுத்தான்" என்று கடித்த முயலின் நெற்றியையே தடவிக்கொடுத்தார். ஊசி போட நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு ஆறு மணிக்கு வந்து நின்றார்.

பதினெட்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். ஒரு பிள்ளைக்கு மூன்றாம் தடவை சொல்லும்போதே என் குரல் ஏறிவிடும். இந்த மனிதர் பன்னிரண்டு நாளும் அதையே அதே நிதானத்தோடு செய்தார். தேஜுவின் நூறு கேள்விக்கும் பதில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ரவா மொட்டைக்காதுக்கு முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தியது. அவர் என் முழங்காலைத் தொட்டு, "அசையாதீக சார்" என்றார். மொட்டைக்காது மெதுவாக அதன் நெற்றியை நக்கத் தொடங்கியது. தேஜு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

அம்மா இறந்த அன்று உன்னை மட்டும் உள்ளே விட்டேன். அவர் காலையிலிருந்து அம்மாவை எடுக்கும்வரை தெருமுனையில் நின்றார். வீம்பு பிடித்தவன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஸ்வர்ணா, அது வீம்பில்லை. பொறுமை என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இத்தனை நாளில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்.

அண்ணன்

* * *

செக்கானூரணி,
18.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட்டாரா என்றுகூட நான் கேட்கவில்லை. அம்மாவை நினைத்தே அழுதுகொண்டிருந்தேன். அதனால் எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லிக்கொள்கிறேன். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் வழியாக வேண்டாம்.

அவர் பெயருக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லை.

ஸ்வர்ணா

* * *

வில்லாபுரம்,
22.7.2024

அன்புள்ள மாப்பிள்ளை மொக்கைச்சாமி அவர்களுக்கு,

இரண்டு முயலும் ஒரே தட்டில் புல் தின்கின்றன. மத்தியானம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன. ரவா சுவரைப் பார்த்து உட்காருவதே இல்லை.

கிளம்பும்போது, "இனிமே நான் வர வேண்டியதில்லைங்க சார், ரெண்டும் பாத்துக்கிரும்" என்றீர்கள். நான் சரி என்று தலையாட்டினேன். நீங்கள் தெரு திரும்பியதும் ஸ்டாப் வரை ஓடிவந்து பார்த்தேன். பஸ் போய்விட்டிருந்தது.

அம்மாவின் சாவன்று நான் செய்தது தப்பு. அதற்கு முன், சாதி பார்த்து உங்களை ஒதுக்கியதும் தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதவாவது கை வருகிறது, அதனால் எழுதிவிட்டேன். நீங்கள் மன்னிக்க எத்தனை நாள் ஆனாலும் சரி.

வருகிற ஞாயிறு ஸ்வர்ணாவையும் பையன்களையும் அழைத்துக்கொண்டு சாப்பிட வாருங்கள். முயல் பார்க்க அல்ல. வெளிப்படிக்கட்டைத் தேஜு பூச்சட்டிகளால் அடைத்துவிட்டாள். முன்வாசல் வழியாகத்தான் வர முடியும்.

இன்னொன்று. சார் வேண்டாம்.

உங்கள் மச்சான்,
நாகசுப்பிரமணியன்