பாட்டி கோடு குனிந்த கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், முழு நலம் என்று எழுதினால் அது அரைப் பொய் ஆகிவிடும், என் இடது மணிக்கட்டில் ஒரு கட்டு இருக்கிறது, பயப்படாதே, எலும்புக்கு ஒன்றும் இல்லை, வலது கை எழுதுகிறது பார். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் மற்றதை எழுதப் போகிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்கு இப்போது கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், இல்லாவிட்டால் திட்டுவாய், வாண்டு வேறு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இதை முதலில் நீ மட்டும் படி. ஆனால் வருகிற பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால் அவளிடம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவள் பள்ளிக்கூட மேடையில் ஏறி என்னைப் பற்றிப் பேசப் போகிறாளே, அவள் பேசப் போவது உண்மை இல்லையம்மா. தப்பு குழந்தை பேரில் இல்லை, என் பேரில்.

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் நீ வந்து மொட்டைமாடியில் எட்டு சோலார் தகடு போட்டுவிட்டுப் போனபோது தெருவிலேயே நம் வீடு ஒன்றுதான், மருந்துக்கடைக்காரர்கூட 'என்னங்க, மாடிக்கு முகம் பார்க்கக் கண்ணாடி மாட்டிட்டீங்களா' என்று கேலி செய்தார். நேற்று மாடியில் நின்று எண்ணினேன், ஏழு வீட்டில் மின்னுகிறது, கேலி செய்தவர் வீட்டில் நம்மைவிட நாலு தகடு அதிகம். அப்பா வழக்கம்போல் காலையில் டிப்போவுக்குப் போய்விடுகிறார், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் டிரைவர் சீட்டை விட்டு இறங்க மனசு வரவில்லை. அங்கே கரன்ட்டில் ஓடும் பஸ் பத்து வந்திருக்கிறதாம். 'சத்தமே இல்லாம முதுகுக்குப் பின்னால வந்து நிக்குது, அது பஸ்ஸா பூனையா' என்று வந்து புலம்பினார், ஆனால் ஒரு நாள் சின்ன டிரைவர் பையன்கள் அவரை உட்கார வைத்து டிப்போவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்ட விட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து பூனை என்று சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றிச் சுற்றி வந்தால் நீயே கண்டுபிடித்துவிடுவாய். என் போனில் ஒரு படம் போட்டுக் கொடுத்தாயே, மஞ்சள் கோடு சூரியன் கொடுப்பது, நீலக் கோடு நாங்கள் செலவு செய்வது, அங்கே இருந்தபடியே நீயும் பார்க்கலாம் என்றாய். நீ பார்த்தாயோ இல்லையோ வாண்டு பார்த்தாள். நீலக் கோட்டுக்குப் பாட்டி கோடு என்று பெயரும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வந்ததும் எப்படி இருக்கீங்க பாட்டி என்றுகூடக் கேட்பதில்லை, 'பாட்டி, இந்த வாரம் உங்க கோடு கொஞ்சம் குனிஞ்சிருக்கு, எண்பத்தி நாலு மார்க்' என்பாள். சிரிப்பாய், எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சமைத்தேன் துவைத்தேன் வளர்த்தேன், ஒருத்தர்கூட எனக்கு மார்க் போட்டதில்லை. அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது முட்டி வலிகூடத் தெரியவில்லை. காற்றாலைக் கோபுரத்தில் ஏறி இறங்கும் மகளைப் பெற்றவள், நானும் குறைந்தவள் இல்லை என்று ஒரு பெருமை.

முதலில் நியாயமாகத்தான் குறைத்தேன். ஆள் இல்லாத அறையில் மின்விசிறியை நிறுத்தினேன், தண்ணீர் மோட்டாரைப் பகலில் போட்டேன். தொண்ணூறு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்குத்தானே நூறு ஆசை வரும். வாஷிங் மெஷினைப் போட்டால் கோடு துள்ளுகிறது என்று தெரிந்தது, துணியை மூட்டை கட்டிப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொண்டுபோனேன், எங்கள் மெஷின் கெட்டுப்போச்சு என்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியையும் தொடவில்லை, அப்பா சட்டைகள் தெருமுனைக் கடைக்குப் போயின, அங்கே இன்னும் கரி போட்டுத்தான் தேய்க்கிறார்கள், சட்டையிலேயே புகை வாசனை. போனை மருந்துக்கடையில் சார்ஜ் போட்டேன். கடைசியில் ஃபிரிட்ஜையும் அணைத்தேன். பால் திரிந்தது, மிச்சச் சாப்பாடு குப்பைக்குப் போனது, சேர்த்து வாங்க முடியாமல் தினமும் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி அடுப்படி மூலையில் பிளாஸ்டிக் உறை மலையாகக் குவிந்தது. துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவள் என்று உன்னிடம் பெருமை அடித்தேன் இல்லையா, அந்தத் துணிப்பைக்குள்தான் அவ்வளவு பாக்கெட்டும் வரும். அப்பா அரை இருட்டில் சவரம் செய்து கன்னத்தைக் கீறிக்கொண்டு, 'நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா இல்ல அந்த நீலக் கோட்டைக் கட்டிக்கிட்டேனா' என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்றி எட்டு வந்தது.

மணிக்கட்டு விஷயமும் அதுதான். மாடிப்படி விளக்கையும் எரியவிடாமல் இருந்தேன், ஒருநாள் பொழுது சாய்ந்த நேரத்தில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு இறங்கும்போது இரண்டு படி இருப்பது ஒரு படியாகத் தெரிந்துவிட்டது. சுளுக்குத்தான் என்று டாக்டர் சொன்னார். கேட்டவர்களிடம் கதவு இடித்தது என்றேன், உனக்குத் தெரியாமல் மூன்று வாரமாகப் போனில் பேசும்போது இடது கையைக் கீழேயே வைத்திருக்கிறேன், கவனித்தாயோ என்னவோ. அந்தப் பத்து வாட்ஸ் விளக்கை மிச்சம் பிடித்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்தது. தையல்காரியின் தம்பி மெஷின் பழுது பார்க்கிறவன், ஊரிலிருந்து வந்திருக்கிறான், பாவம் அக்கா ஆறு வாரமாகக் கஷ்டப்படுகிறார்களே என்று அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் குறுக்கே நிற்கிறேன், அவன் 'காசெல்லாம் வேணாம்மா, சும்மா பார்க்கிறேன்' என்று பையைத் திறந்து, பிளக்கைச் சொருகி, பட்டனை அழுத்தினான். அம்மாடி, அது அப்படி அழகாகச் சுற்றியது. புது மெஷின்கூட அப்படிச் சுற்றாது. அவன் குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, 'இதுல எந்த இடத்துலம்மா ரிப்பேர்' என்று கேட்டான். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார், தாள் குலுங்குகிறது. 'மெஷின்ல இல்ல தம்பி, கொஞ்சம் மேல பாரு' என்று தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வேறு வழியில்லாமல் கோடு, மார்க், எல்லாவற்றையும் வாசற்படியில் நின்றே ஒப்பித்தேன்.

தையல்காரி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வீட்டில் தையல் மெஷினும் வாஷிங் மெஷினும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடுமாம், அதனால் நம் துணியைப் போடும்போதெல்லாம் தன் தையலை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு தடவை சொன்ன நாளில் துணி கொடுக்க முடியாமல் வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கும் கோபமாகச் சொல்லவில்லை, 'உங்க மாடியில சூரியன் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்குது, எங்க வீட்டு மீட்டர் ஓடி ஓடி மூச்சு வாங்குதுக்கா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவள் வீட்டுக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், எங்கேயோ நிலக்கரி எரிந்து வருகிறது. அதில் என் துணியைத் துவைத்துவிட்டு, என் மாடிக் கரன்ட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நான் நல்ல பிள்ளை. குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு என் வாசல் சுத்தம் என்று இடுப்பில் கை வைத்து நின்றிருக்கிறேன். நான் எதையும் குறைக்கவில்லையம்மா, இடம் மாற்றினேன், அவ்வளவுதான். கோட்டுக்கு அது தெரியாது, கோடு என் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது.

அப்போதாவது வாண்டிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் உட்கார்ந்தேன், அவள் முந்திக்கொண்டு மேடையில் பேசப்போவதைப் பேசிக் காட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, 'எங்க பாட்டி அஞ்சாவதுதான் படிச்சிருக்காங்க, ஆனா எதையும் விட்டுக்கொடுக்காமலே வீட்டுக் கரன்ட்டை மூணுல ஒரு பங்காக் குறைச்சிட்டாங்க, அவங்களால முடிஞ்சா நம்மாலயும் முடியும்' என்கிறாள். அவள் டீச்சர் அந்தக் கோட்டைப் பெரிதாக வரைந்து மாட்டப் போகிறாராம், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் வீட்டிலும் அதே அளவுக்குக் குறைப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்களாம். நான் கை தட்டினேன், ஒரு கையை மறைத்துக்கொண்டு தொடையில் தட்டினேன். போனை வைத்தபின் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முப்பது வீட்டில் முப்பது அம்மாக்கள், பிள்ளை ஆசைப்படுகிறதே என்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, படி விளக்கை அணைத்துவிட்டு நிற்பார்கள். ஒருத்தியாவது என்னைப் போல இடறுவாள். ஒருத்தியாவது என்னைப் போலப் பொய் சொல்வாள்.

அப்பாவிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். 'முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், வழி தப்பினா ஹாரன் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, திருப்பணும்' என்றார். திருப்பிவிட்டேன். ஃபிரிட்ஜ் ஓடுகிறது. படி விளக்கு பொழுது சாய்ந்ததும் எரியும், அதற்கு யார் மார்க் குறைத்தாலும் சரி. இந்தப் புதன்கிழமை தையல்காரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், வயசுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, அவள் 'விடுங்கக்கா, என் மாமியார்கூட இவ்வளவு அழகாப் பொய் சொன்னதில்ல' என்றாள். இப்போது பதினொரு மணிக்கு மேல், வெயில் உச்சிக்கு ஏறும்போது, அவள் வீட்டுத் துணியும் நம் மெஷினில்தான் ஓடுகிறது. தைத்ததைத் தேய்த்து மடிக்கும் வேலையை நம் முன்னறை மேசையில் வைத்துச் செய்கிறாள், அவள் இஸ்திரிப் பெட்டியே நம் வீட்டில்தான் இருக்கிறது. அப்பா சட்டைகளையும் அதிலேயே தேய்த்துவிடுகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. இரண்டு நாளாக நீலக் கோட்டைப் பார்த்தாயா, மத்தியானம் மலை மாதிரி எழும்பி நிற்கும். வாண்டு பதறிப்போய்ப் பாட்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். ஒன்றும் ஆகவில்லை, அது இரண்டு வீட்டுத் துணி. ஆனாலும் அந்த மலை மஞ்சள் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

வாண்டிடம் இதை நீ எப்படிச் சொன்னாலும் சரி, பாட்டி விளையாட்டுக்குச் செய்தாள் என்று மட்டும் பூசி மெழுகாதே. அவள் சின்னப் பிள்ளை, ஆனால் கோடு படிக்கத் தெரிந்த பிள்ளை. மேடையில் ஏறுவதா, ஏறி இதையே சொல்வதா, டீச்சரிடம் சொல்லி விலகிக்கொள்வதா, அது அவள் இஷ்டம், எதைச் செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. தெரிந்து பேசட்டும், அவ்வளவுதான். ஊருக்கு முன்னால் என் மானம் போகுமே என்று நீ யோசிக்காதே, மெஷின் பையன் முன்னாலேயே அது போய்விட்டது. ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்குக்கு நான் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து விடையை மட்டும் எழுதினேன், வாத்தியார் விடை சரி, வழி எங்கே என்று கேட்டுப் பாதி மார்க் போட்டார். வீட்டுக்கு வரும்வரை அழுதேன். இத்தனை வருஷம் அந்த மனுஷன் பேரில் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை.

கோபுரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார், காற்று அதிகமாக இருந்தால் நாளைக்கு ஏறலாம் என்று சொல்லக் கூச்சப்படாதே, நல்ல பேர் வாங்கத்தான் நானும் இருட்டில் இறங்கினேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பழைய சட்டை கிழிந்தால் அவர் உடனே புதுசு வாங்குகிறார் என்று சொன்னாயே, அனுப்பி வை, இங்கே தைத்துத் தருகிறவள் என் முன்னறையிலேயே இருக்கிறாள், இல்லை இல்லை, அனுப்ப விமானம் ஏற்ற வேண்டும், அதுவும் கணக்கில் வராத புகை, அங்கேயே யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, மனசில் ஒளிக்க ஒன்றும் இல்லாமல், நிம்மதியாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆசை இல்லை. மறக்காதே, பன்னிரண்டாம் தேதிக்கு முன்னால். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையையும் போனுக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாண்டு பாதி மார்க் போட்டால் போதும், இந்தத் தடவை அழமாட்டேன்.

இப்படிக்கு,
கோடு ஏறினாலும் இறங்கினாலும் உன் அம்மா.