எழுந்திருக்காத ரெண்டு பேர்

பியூலா அக்காவுக்கு,

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். அது தெலுங்குல இருக்கும். இது நம்ம பேச்சு.

அந்தக் குழந்தைக்கு ஊசியை மாத்திப் போட்டது நான்தான்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டே. போட்டது யாருன்னு அந்த வார்டுல நர்சா இருந்த நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். குழந்தை பிழைச்சுக்கிச்சு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நான்தான் வேலை போயி, திருச்சானூர்ல ஒரு லாட்ஜுல ரூம் சாவி எடுத்துக் குடுத்துக்கினு இருக்கேன். இங்க யாரும் நர்சம்மான்னு கூப்பிடறதில்லை.

சமாதானமா ராஜியாப் போயிடும்மான்னு பாஸ்டர் ஐயா சொன்னாரு. மானநஷ்ட கேஸை வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டேன்.

மனசுல ஒருத்தர்மேல பகை வெச்சுக்கினு நம்ம சபையில யாரும் ராப்போஜன அப்பமும் ரசமும் எடுக்கமாட்டாங்க. அதனால போன ஞாயிறு சித்தூர் சர்ச்சுல எல்லாரும் அதை வாங்க எழுந்து போனப்போ, நான் பெஞ்சிலயே இருந்துட்டேன். பீடத்துக்கு முன்னாடி வருஷக்கணக்கா உன் பக்கத்துல நான் முழங்கால் போட்ட இடம் காலியா இருந்துச்சு. அழுகை வந்துடுச்சு. முகத்தைத் திருப்பினா, அந்தப் பக்கம் நீயும் உட்கார்ந்திருக்கே.

எனக்குப் பகை இருக்கு, எழுந்திருக்கல. என்னை மன்னிச்சிட்டேன்னு, உன் மனசுல ஒண்ணுமேயில்லைன்னு சபை முழுக்கச் சொல்லிக்கினு இருக்கியே.

நீ ஏன் அக்கா எழுந்திருக்கல?

இப்படிக்கு,
உன் பக்கத்துல முழங்கால் போட்டவ