உங்கள் பாக்கெட்டில் என் பால்ரஸ் குண்டுகள்

திருவாளர் கணவருக்கு,

துவைக்கப் போடும்போது உங்கள் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினேன். பால்ரஸ் குண்டுகள் உருண்டு விழுந்தன. பெயர்ப்பலகை வெட்டும் என் சி.என்.சி. மெஷினில், பால் ஸ்க்ரூ என்கிற திருகுத் தண்டின் நட்டுக்குள் இருக்க வேண்டியவை.

நட்டைத் தண்டிலிருந்து கழற்றினால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும், கிரீஸ் போட அதைக் கழற்றவே தேவையில்லை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாதா என்ன?" என்றீர்கள். தெரிந்த லட்சணம்தான் பாக்கெட்டில் இருந்தது. கொட்டியதில் பாதியைப் பொறுக்கி ஒளித்துவிட்டு, நட்டை மட்டும் கமுக்கமாக மாட்டியிருக்கிறீர்கள்.

கழற்றியதைக்கூட விட்டுவிடலாம். மெஷின் கரகரவென்று கத்த, என் கிரீஸ்தான் சரியில்லையோ என்று வாரம் முழுக்கத் துடைத்துத் துடைத்துப் புதிதாகப் போட்டேனே, அப்போது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது யார்? "இன்னும் கொஞ்சம் போட்டுப் பாரேன்" என்று யோசனை வேறு!

சாப்பாடு ஃபிரிட்ஜில். சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

மாடிவீட்டு டாக்டர் தன் பெயர்ப்பலகையைக் கேட்டு வருவார். ஏன் இன்னும் வெட்டவில்லை என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். என் தலையில் கட்ட வேண்டாம்.

மெஷின் அறைச் சாவி டிவி மேல் இருக்கிறது. உள்ளே போகலாம். மெஷினைத் தொட்டால் நடக்கிறதே வேறு.

பி.கு.: மீதிக் குண்டுகள் மெஷின் மேஜைக்கு அடியில்தான் எங்கோ கிடக்கும். நான் வருவதற்குள் முட்டிபோட்டுத் தேடி எடுத்து வையுங்கள். டார்ச் பிடிக்கத்தான் உங்களுக்கு நன்றாக வருமே.